ஆப்பிரிக்கக் குழந்தைகளில் ஆஸ்துமா எவ்வளவு: ஆயிரத்தில் ஒருவரா, ஐவரில் ஒருவரா?

பதிவு 1 · வெண்காடன்

அவையோருக்கு வணக்கம். பொதுச் சுகாதாரம் பயிலும் மாணவர்களுக்கு அடுத்த வாரம் ஒரு வகுப்பு எடுக்க வேண்டியிருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் ஆஸ்துமாவும் பிற மூச்சுக்குழல் நோய்களும் எந்த அளவுக்குப் பரவியிருக்கின்றன என்பதை ஒரே பக்கத்தில் தொகுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு மாலைகள் போய்விட்டன. பக்கம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

1979இல் வெளியான ஓர் ஆய்வு, நாட்டின் கிழக்கிலுள்ள டிரான்ஸ்கை நாட்டுப்புறத்தில் வாழ்ந்த கோசா இனக் குழந்தைகள் 694 பேரைச் சோதித்து, அவர்களுள் ஒரே ஒரு குழந்தைக்குத்தான் ஆஸ்துமா என்று கண்டது. விழுக்காட்டில் சொன்னால் 0.14. அதே ஆய்வு, கேப் டவுனை ஒட்டிய குகுலெத்துவில் குடியேறியிருந்த அதே இனக் குழந்தைகளிடம் 3.17 விழுக்காடு என்று கண்டது. பிறகு, ஐசாக் எனப்படும் பன்னாட்டுக் குழந்தைப்பருவ ஆஸ்துமா ஆய்வுக் குழு கேப் டவுனில் 13, 14 வயதுப் பிள்ளைகளைக் கேட்டபோது, கடந்த பன்னிரண்டு மாதங்களுக்குள் இளைப்பு வந்ததாகச் சொன்னவர்கள் 1995இல் 16.0 விழுக்காடு, 2002இல் 20.3 விழுக்காடு. 2017இல் அதே நகரில் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டபோது அது 21 விழுக்காட்டையும் சற்றுத் தாண்டியிருந்தது.

ஆப்பிரிக்காவில் ஆஸ்துமா அரிது என்றுதான் என் தலைமுறைக்குச் சொல்லித்தரப்பட்டது. இந்த எண்களை வரிசையாக வைத்தால், நாற்பது ஆண்டுகளுக்குள் நோய் நூறு மடங்குக்கு மேல் பெருகிவிட்டது என்று மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். அப்படி எழுத விடலாமா, கூடாதா என்பதே என் கேள்வி.

பதிவு 2 · குறிஞ்சிமலர்

வெண்காடன் ஐயா, கூடாது. நீங்கள் ஒரே வரிசையில் வைத்திருப்பவை வெவ்வேறு தராசுகளில் நிறுக்கப்பட்டவை.

1979ஆம் ஆண்டு ஆய்வில் குழந்தைகளை ஓடவிட்டார்கள். ஓடுவதற்கு முன்பும் ஓடிய பின்பும் மூச்சை அளந்து, ஓட்டத்திற்குப் பிறகு மூச்சுக்குழல் குறிப்பிட்ட அளவுக்கு மேல் சுருங்கியவர்களை மட்டும் கணக்கில் எடுத்தார்கள். அன்றைக்கு, அந்த வேளையில், அந்த ஓட்டத்திற்கு எதிர்வினை காட்டியவர்களைத்தான் இச்சோதனை பிடிக்கும். ஆண்டுக்கு இரண்டு முறை குளிர்காலத்தில் மட்டும் இளைப்பு வரும் பிள்ளை அன்று நன்றாக ஓடிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடும். ஐசாக் ஆய்வு செய்தது வேறு. வகுப்பறையில் வினாத்தாள் கொடுத்து, கடந்த ஓராண்டில் நெஞ்சில் இளைப்போ விசில் ஒலியோ வந்ததா என்று பிள்ளைகளையே கேட்டது. சளி பிடித்தபோது ஒருமுறை விசில் ஒலி வந்த பிள்ளையும் 'ஆம்' என்றே குறியிடும். முதல் தராசு குறைத்துக் காட்டும். இரண்டாவது கூட்டிக் காட்டும். தவிர, ஐசாக் ஆய்வில் பங்கேற்றவர்கள் கோசா இனப் பிள்ளைகள் மட்டுமல்லர். நகரின் எல்லாச் சமூகத்துப் பள்ளிகளிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்.

ஆகவே ஓட்டத்தை ஓட்டத்தோடு ஒப்பிடுவோம். 2005இல் வெளியான ஓர் ஆய்வு கோசா இனக் குழந்தைகளை மறுபடி ஓடவிட்டது. இம்முறை நகரத்தில் 14.9 விழுக்காட்டினருக்கும் நாட்டுப்புறத்தில் 8.9 விழுக்காட்டினருக்கும் மூச்சுக்குழல் சுருங்கியது. சோதனை முறைகளில் சில வேறுபாடுகள் உண்டு என்பதால் மடங்குக் கணக்குப் போடாதீர்கள். ஆனால் உயர்வு உண்மையானது என்பதையும், நாட்டுப்புறத்துக்கும் நகரத்துக்கும் இடையே இருந்த பள்ளம் தூர்ந்துகொண்டு வருகிறது என்பதையும் தயங்காமல் சொல்லலாம்.

இது கோசா மக்களின் தனிக்கதையும் அன்று. சிம்பாப்வேயில் 1991இல் வெளியான ஆய்வு, ஹராரேயின் வசதியான வடபகுதியில் 5.8, நெருக்கடியான தென்பகுதியில் 3.1, வெத்சா என்னும் நாட்டுப்புற மாவட்டத்தில் 0.1 விழுக்காடு என்று படிப்படியாக இறங்கும் ஓர் ஏணியைக் காட்டியது. கானாவின் குமாசி நகரிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் 1993இல் 3.1 விழுக்காடாக இருந்த ஓட்டச் சோதனை முடிவு 2003இல் 5.2 ஆயிற்று. அங்கே வசதியான நகரக் குழந்தைகளிடம் அது 4.2இலிருந்து 8.3 ஆக உயர்ந்தது. ஏழை நகரக் குழந்தைகளிடம் 1.4இலிருந்து 3.0, நாட்டுப்புறத்தில் 2.2இலிருந்து 3.9. ஒரே குழு, ஒரே முறை, பத்தாண்டு இடைவெளி என்பதால் எனக்கு இந்த மூன்று வரிகள் மீதுதான் நம்பிக்கை அதிகம். எல்லாத் தட்டிலும் ஏறக்குறைய இரட்டித்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

பதிவு 3 · வெண்காடன்

மிக்க நன்றி, அம்மா. ஓடவிட்டதையும் கேட்டதையும் ஒரே கோட்டில் வரைந்தது என் பிழைதான். ஆனால் வினாத்தாள் 'கூட்டிக் காட்டும்' என்று நீங்கள் பொதுவாகச் சொன்னதை ஏற்கச் சற்றுத் தயக்கமாக இருக்கிறது. இளைப்பு என்ற சொல்லே தெரியாத பிள்ளை 'இல்லை' என்றல்லவா குறியிடும்?

பதிவு 4 · சித்திரைநிலா

இந்த இடத்தில் நான் குறுக்கிடலாமா? மருத்துவர் அல்லள், செவிலியர். மலாவியில் ஒரு தொண்டு மருத்துவமனையில் மூன்றாண்டுகள் பணியாற்றினேன். வெண்காடன் ஐயாவின் ஐயம் நியாயமானது என்று அங்கே முதல் மாதத்திலேயே தெரிந்துகொண்டேன்.

மலாவியில் பெரும்பான்மையோர் பேசும் சிச்சேவா மொழியில் 'சிஃபுவா' என்றால் நெஞ்சு. இருமலுக்கும் அதுவே பெயர். 'சிஃபுவா சச்சிகுலு', அதாவது பெரிய இருமல், என்றால் காசநோய். ஆஸ்துமாவுக்கு 'ம்ஃபுமு' என்று ஒரு சொல் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஏற்கெனவே ஒரு மருத்துவர் பெயர் சூட்டிய நோயாளிதான் அதைச் சொல்வார். மற்றவர்கள் எல்லோரும் வாசலில் வந்து நின்று சொல்வது சிஃபுவா என்ற ஒரே சொல்லைத்தான். அந்தச் சொல்லுக்குப் பின்னால் சளிக்காய்ச்சல் இருக்கலாம், காசநோய் இருக்கலாம், நிமோனியா இருக்கலாம், ஆஸ்துமாவும் இருக்கலாம். காசநோய் மிகுந்த நாடு என்பதால் நாங்கள் முதலில் கோழையைச் சோதனைக்கு அனுப்புவோம். கிருமி இல்லை என்று வந்தால் ஆன்டிபயாடிக் கொடுத்து அனுப்புவோம். அடுத்த மாதம் அதே ஆள் அதே சொல்லோடு வந்து நிற்பார். ஒரு பதினோரு வயதுச் சிறுமியின் அட்டையில் ஒரே ஆண்டில் ஐந்து முறை ஆன்டிபயாடிக் எழுதப்பட்டிருந்ததை நான் பார்த்தேன். இரவில் எத்தனை மணிக்கு விழிப்பாள் என்று அவள் பாட்டியிடம் கேட்ட பிறகுதான் அது ஆஸ்துமா என்று எங்களுக்கு உறைத்தது.

நம் மொழியிலும் இந்தச் சிக்கல் இல்லாமல் இல்லை. இளைப்பு, இழுப்பு, வீசிங், மூச்சு வாங்குது என்று தமிழகத்தில் பலவாறு சொல்கிறோம். யாழ்ப்பாணத்தில் தொய்வு என்றும் முட்டு என்றும் சொல்வார்கள். வினாத்தாளை மொழிபெயர்ப்பவர் இவற்றுள் எதை எழுதுகிறாரோ அதற்கேற்ப விடையும் மாறும்.

பதிவு 5 · குறிஞ்சிமலர்

சித்திரைநிலா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். என் வாக்கியத்தைத் திருத்திக்கொள்கிறேன். வினாத்தாள் கூட்டியும் காட்டலாம், குறைத்தும் காட்டலாம். எந்தப் பக்கம் சாயும் என்பது மொழியைப் பொறுத்தது. ஐசாக் குழுவினர் இதை முன்கூட்டியே உணர்ந்துதான் ஒரு காணொளி வினாத்தாளையும் உருவாக்கினார்கள். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது இளைப்பு, ஓடிய பின் இளைப்பு, நள்ளிரவில் எழுப்பும் இளைப்பு, இருமல் எனக் காட்சிகளை ஓடவிட்டு, 'உனக்கு இப்படி வந்ததுண்டா?' என்று மட்டும் கேட்பார்கள். சொல் தேவையில்லை.

பதிவு 6 · மெரிபாங்க் பேரன்

வணக்கம். நான் டர்பனில் பிறந்தவன். கரும்புத் தோட்டங்களுக்கு 1860 முதல் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்களின் வழியில் வந்தவன். தமிழை வளர்ந்த பிறகு கற்றவன் என்பதால் பிழைகளைப் பொறுத்தருள்க.

இழையில் கேப் டவுனும் டிரான்ஸ்கையும் வந்துவிட்டன. எங்கள் தென் டர்பன் வரவில்லை. நாட்டுப்புறம், நகரம் என்று இரண்டே பெட்டிகளில் போட்டால் எங்கள் நிலை உங்களுக்குத் தெரியாது. இனவாரிக் குடியிருப்புக் கொள்கையின் கீழ் இந்தியர்களை மெரிபாங்கிலும், கலப்பினத்தாரை வென்ட்வொர்த்திலும், கறுப்பின மக்களை லாமன்ட்வில்லிலும் உம்லாசியிலும் குடியமர்த்தினார்கள். இவற்றுக்கு நடுவே இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் ஒரு காகித ஆலையும் இருந்தன. முதல் சுத்திகரிப்பு ஆலை 1954இல் வந்தது. மெரிபாங்கில் செட்லர்ஸ் தொடக்கப்பள்ளி என்ற ஒரு பள்ளி இந்த ஆலைகளுக்கு மிக அருகில் இருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் அங்கே நடந்த ஆய்வில், பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஏதேனும் ஓர் அளவில் ஆஸ்துமா இருப்பதாகத் தெரியவந்தது. நீங்கள் இருபது விழுக்காட்டுக்கே வியக்கிறீர்கள். என் அக்கா மகனின் வகுப்பில் இன்ஹேலர் பென்சில் பெட்டிக்குள் இருக்கும். ஆசிரியர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கமாட்டார்.

பதிவு 7 · பொன்வண்டு

நான் நுரையீரல் மருத்துவன்; அரசுப் பணியில் இருக்கிறேன். மெரிபாங்க் பேரனின் பதிவை வருத்தத்தோடு படித்தேன். ஆனால் இது 'பரவல்' பற்றிய இழை என்பதால் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். ஆலை வேலியை ஒட்டிய ஒரே ஒரு பள்ளியில் எடுத்த எண், ஒரு மக்கள்தொகையின் பரவல் ஆகாது. அந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுத்ததே அங்கே பாதிப்பு இருக்கும் என்ற ஐயத்தால்தான். 'ஏதேனும் ஓர் அளவில்' என்ற சொற்களும் வலையை மிக அகலமாக விரிக்கின்றன. மிக இலேசானவர்களும் அதில் அகப்படுவார்கள்.

பதிவு 8 · மெரிபாங்க் பேரன்

டாக்டர் ஐயா, நாட்டின் பரவல் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு நாட்டின் சராசரியைப் போட்டு எங்கள் தெருவை அதற்குள் மூழ்கடிப்பதும் அளவீட்டுப் பிழைதானே? அதற்குப் பின் நடந்த ஆய்வில் டர்பனின் வடபகுதிப் பள்ளிகளையும் ஒப்பீட்டுக்கு எடுத்தார்கள். மூச்சுக்குழல் எளிதில் சுருங்கும் தன்மை தெற்கில்தான் மிகுதியாக இருந்தது. மக்கள் போராட்டத்தின் விளைவாக 2000ஆம் ஆண்டு அரசு காற்று மாசைக் குறைக்கப் பல்முனைத் திட்டம் ஒன்றை அறிவித்த பிறகு காற்றில் கந்தக டை ஆக்சைடு குறைந்தது. 2020 டிசம்பரில் ஒரு சுத்திகரிப்பு ஆலையில் வெடி விபத்து நேர்ந்து, பிறகு அங்கே சுத்திகரிப்பே நின்றுவிட்டது. அடுத்த முறை எண்ணும்போது இவை எல்லாவற்றையும் சேர்த்து எண்ணட்டும் என்றுதான் கேட்கிறேன்.

பதிவு 9 · குறிஞ்சிமலர்

இருவர் சொல்வதும் வேறு வேறு கேள்விகளுக்கான விடைகள். பொன்வண்டு கேட்பது 'மக்களில் எத்தனை பேர்?' என்பது, மெரிபாங்க் பேரன் கேட்பது 'எங்கே, எதனால்?' என்பது. ஆப்பிரிக்கா முழுவதற்கும் சேர்த்துப் போடப்பட்ட கணக்கு ஒன்றும் உண்டு. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளிவந்த மதிப்பீடு, கண்டத்தில் ஆஸ்துமா உள்ளவர்கள் 1990இல் 7.44 கோடி, 2010இல் 11.93 கோடி என்றது, விழுக்காட்டில் 11.7, 12.8. கோடிக்கணக்கில் ஏறியிருப்பதற்குப் பெரும்பங்கு காரணம் மக்கள்தொகை பெருகியதுதான். விழுக்காடு அவ்வளவாக ஏறவில்லை. செய்தித்தாள்கள் கோடிக் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்ளும். இத்தகைய மதிப்பீட்டை எழுதலாம், தவறில்லை. அதன் கீழே எத்தனை நாடுகளுக்கு ஆய்வே இல்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு எழுத வேண்டும்.

பதிவு 10 · வெண்காடன்

பெரியவர்களைப் பற்றியும் யாரேனும் சொல்லவேண்டும் என்று விரும்புகிறேன். போல்டு எனப்படும் பன்னாட்டு ஆய்வின் முடிவுகள் 2007இல் வெளியாயின. பன்னிரண்டு நகரங்களில் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு ஸ்பைரோமெட்ரி, அதாவது ஊதும் மூச்சின் அளவையும் வேகத்தையும் அளக்கும் சோதனை, செய்து பார்த்ததில், மிதமான அல்லது அதைவிடத் தீவிரமான நாள்பட்ட சுவாச அடைப்பு நோய், அதாவது சிஓபிடி, சராசரியாகப் பத்து விழுக்காட்டினருக்கு இருந்தது. கேப் டவுனில் ஆண்களில் 22.2, பெண்களில் 16.7. இவ்வளவும் சிகரெட்டால்தானா?

பதிவு 11 · பொன்வண்டு

சிகரெட்டும் உண்டு, ஆனால் அதோடு நிறுத்தினால் கேப் டவுனைப் புரிந்துகொள்ள முடியாது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனெனில் என் வார்டில் நான் தினமும் பார்ப்பதும் இதைத்தான்.

அந்த ஆய்வு நடந்தது கேப் டவுன் முழுவதிலும் அன்று. ரேவன்ஸ்மீட், எய்ட்சிக் என்னும் இரண்டு அடுத்தடுத்த குடியிருப்புகளில். உழைக்கும் மக்கள் நெருக்கமாக வாழும் பகுதிகள். ஆண் பெண் இருபாலரிடமும் புகைப்பழக்கம் அதிகம். தூசும் புகையும் நிறைந்த தொழில்களில் இருந்தவர்கள் அதிகம். இவற்றோடு, வாழ்நாளில் ஒருமுறையாவது காசநோய் வந்து மருந்து சாப்பிட்டு முடித்தவர்களும் அதிகம். 'குணமாகிவிட்டது' என்று அட்டையில் முத்திரை குத்தியதும் நாம் அந்த நோயாளியை மறந்துவிடுகிறோம். கிருமி போய்விடுகிறது, ஆனால் அது கிடந்த இடத்தில் தழும்பும், இழுபட்டு நெளிந்த மூச்சுக்குழலும், விரிந்து தளர்ந்த குழல்களும் மிஞ்சுகின்றன. பத்தாண்டு கழித்து அவர் படியேறும்போது மூச்சிரைக்கிறது. ஸ்பைரோமெட்ரியில் அடைப்பு தெரிகிறது. புகைத்தீர்களா என்று கேட்கிறோம், ஆம் என்கிறார், சிஓபிடி என்று எழுதுகிறோம். காசநோய்க் கதை அந்தத் தாளில் இடம்பெறுவதே இல்லை.

இதற்கு மிக உறுதியான சான்று தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களிலிருந்தே கிடைத்தது. 2000இல் வெளியான ஆய்வு, 27,660 கறுப்பினச் சுரங்கத் தொழிலாளரின் மூச்சு அளவீடுகளையும் காசநோய்ப் பதிவுகளையும் இணைத்துப் பார்த்தது. ஒருமுறை காசநோய் வந்து சிகிச்சை பெற்றவர்களில் 18.4 விழுக்காட்டினருக்கும், இருமுறை வந்தவர்களில் 27.1 விழுக்காட்டினருக்கும், மூன்று முறையோ அதற்கு மேலோ வந்தவர்களில் 35.2 விழுக்காட்டினருக்கும் மூச்சின் வேகம் நிரந்தரமாகக் குறைந்திருந்தது. அடுத்தடுத்து ஏறும் இந்த மூன்று எண்களை நான் என் பயிற்சி மருத்துவர்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். சுரங்கத்தில் சிலிக்கா தூசு வேறு. அந்தத் தூசு நுரையீரலில் படிந்தவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் பல மடங்கு கூடும். அந்தத் தூசால் வரும் சிலிக்கோசிஸ், காசநோய் இரண்டுக்குமாகத் தொழிலாளர்கள் தொடுத்த கூட்டு வழக்கில் 500 கோடி ராண்ட் அளவிலான சமரசத்தை 2019இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதை வழங்கச் சியாமிசோ அறக்கட்டளை அமைக்கப்பட்டது.

காசநோய்க்குப் பிந்தைய நுரையீரல் நோய் என்று இதற்குத் தனிப்பெயர் வைத்து, முதல் பன்னாட்டுக் கருத்தரங்கு 2019இல் ஸ்டெல்லன்போஷ் நகரில் கூடியது. கிருமியை ராபர்ட் காக் கண்டுபிடித்தது 1882இல். இடைப்பட்ட காலத்தை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு நடைமுறை எச்சரிக்கை: இந்த அடைப்பு ஆஸ்துமாவைப் போல இன்ஹேலருக்கு இளகாது. எனவே 'மூச்சுக்குழல் நோய்' என்ற ஒரே தலைப்பின் கீழ் குழந்தையின் ஆஸ்துமாவையும் ஐம்பது வயதுக்காரரின் காசநோய்த் தழும்பையும் கூட்டிப் போட்டு ஒரு விழுக்காடு சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

பதிவு 12 · சித்திரைநிலா

டாக்டர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. மலாவியில் பெரும்பாலான பெண்கள் புகைப்பதே இல்லை. விறகடுப்பின் முன்தான் நாள் முழுதும் இருக்கிறார்கள். அடுப்புப் புகைக்கு இதில் எவ்வளவு பங்கு?

பதிவு 13 · பொன்வண்டு

பங்கு உண்டு, அளவில்தான் தகராறு. உகாண்டாவின் மசிந்தி மாவட்டத்தில் 30 வயதைத் தாண்டிய 588 பேரைப் பரிசோதித்த ஆய்வு 2015இல் வெளியானது. 16.2 விழுக்காட்டினருக்குச் சிஓபிடி. ஆண்களைவிடப் பெண்களிடம் சற்று அதிகம். அவர்களில் ஏறத்தாழ ஐவரில் இருவர் நாற்பது வயதைக்கூடத் தொடாதவர்கள். நம் பாடநூல் சொல்லும் 'நாற்பதுக்கு மேற்பட்ட புகைப்பவர்' அங்கே பொருந்தவில்லை. பங்கேற்றவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் விறகுப் புகைக்கு நடுவே வாழ்ந்தவர்கள்.

ஆனால் எல்லோரும் புகைக்கு நடுவே இருக்கும் ஊரில், புகைதான் காரணம் என்று நிறுவுவது கடினம்; ஒப்பிடப் புகையற்ற வீடு வேண்டுமே. உங்கள் மலாவியிலேயே 150 கிராமப் பகுதிகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டு, புகை குறைந்த அடுப்பு கொடுத்த வீடுகளையும் கொடுக்காத வீடுகளையும் ஒப்பிட்டார்கள். 2017இல் முடிவு வந்தது: குழந்தைகளின் நிமோனியா குறையவில்லை. குப்பை எரிப்பதும் பக்கத்து வீட்டுப் புகையும் அப்படியே இருக்கும்போது ஓர் அடுப்பை மட்டும் மாற்றுவது போதவில்லை என்றுதான் நான் புரிந்துகொண்டேன். நிமோனியாவுக்கான சோதனை அது. மூச்சுக்குழல் அடைப்புக்கு நேர்விடை தராது.

பதிவு 14 · குறிஞ்சிமலர்

மலாவி என்றதும், வெண்காடன் ஐயாவின் பக்கத்தில் கட்டாயம் இடம்பெற வேண்டிய ஓர் எண் நினைவுக்கு வருகிறது. பிளான்டயர் நகரில் பெரியவர்களுக்கு ஸ்பைரோமெட்ரி செய்தபோது மூச்சுக்குழல் அடைப்பு 4.2 விழுக்காட்டினருக்குத்தான் இருந்தது. ஆனால் நுரையீரலின் கொள்ளளவே குறைவாக இருந்தவர்கள், அமெரிக்க அளவீட்டுத் தரவோடு ஒப்பிட்டால் 38.6 விழுக்காடு, உள்ளூர்த் தரவோடு ஒப்பிட்டால் 9.0 விழுக்காடு. ஒரே மூச்சு, ஒரே கருவி. எதை 'இயல்பு' என்று கொள்கிறோம் என்பது மட்டும் மாறியது, நோயாளிகளில் முக்கால்வாசிப் பேர் காணாமற்போனார்கள்.

பதிவு 15 · பொன்வண்டு

உள்ளூர்த் தரவுதான் சரி என்பது என் கருத்து. அமெரிக்க உடலமைப்பை மலாவிக்காரருக்கு அளவுகோலாக வைத்தால், நலமாக உழுதுகொண்டிருப்பவரையும் நோயாளி என்று எழுத நேரும்.

பதிவு 16 · குறிஞ்சிமலர்

இதில் உங்களோடு முரண்படுகிறேன். 'உள்ளூர் இயல்பு' என்பது நலமானவர்களின் இயல்பா, அல்லது எடை குறைந்து பிறந்து, கைக்குழந்தைப் பருவத்தில் நிமோனியா கண்டு, புகைக்கு நடுவே வளர்ந்தவர்களின் சராசரியா? கேப் டவுனுக்கு அருகே பார்ல் நகரத்தில் 2012இல் தொடங்கிய டிராக்கன்ஸ்டைன் ஆய்வு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தாயின் வயிற்றிலிருந்தே பின்தொடர்கிறது. முதல் ஆண்டில் கீழ்ச்சுவாசத் தொற்று வந்த குழந்தைகளின் நுரையீரல் ஒரு வயதிலேயே பின்தங்கியிருந்ததை அது காட்டியது. அத்தகைய நுரையீரல்கள் ஊரில் மிகுந்திருந்தால், அந்தக் குறையே அளவுகோலுக்குள் புகுந்துவிடும். பிறகு குறை குறையாகத் தெரியாது. இனத்துக்கொரு திருத்தம் போடும் பழக்கத்தின் வேர், அடிமைகளின் மூச்சை அளந்து 'இயற்கையிலேயே குறைவு' என்று எழுதிய பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கத் தோட்டங்கள் வரை போகிறது. இனத்தைக் கணக்கில் கொள்ளாத உலகப் பொது அளவுகோல் 2022இல் வெளியானது. 2023இல் அமெரிக்க நெஞ்சக மருத்துவச் சங்கம் அதைப் பரிந்துரைத்தது.

பதிவு 17 · பொன்வண்டு

உங்கள் வாதத்தின் வலிமை எனக்குப் புரிகிறது. ஆயினும் காலை பத்து மணிக்கு என் முன் உட்கார்ந்திருப்பவருக்கு நான் 'நோய்' என்று எழுதினால், அவருக்கு ஓட்டுநர் வேலை போய்விடக்கூடும். கணக்கெடுப்புக்கு உங்கள் அளவுகோல். சிகிச்சை அறையில் நான் நோயாளியின் பழைய அளவோடு இன்றைய அளவை ஒப்பிடுவேன்.

பதிவு 18 · மெரிபாங்க் பேரன்

குடற்புழு இருந்தால் ஆஸ்துமா வராது, அதனால்தான் நாட்டுப்புறத்தில் குறைவு என்று இங்கே ஒரு மருந்தாளுநர் சொன்னார். உண்மையா?

பதிவு 19 · குறிஞ்சிமலர்

பாதி உண்மை. காபோனின் லம்பரேனே நகரில் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து 2000இல் வெளியிட்ட முடிவின்படி, ரத்தத்தில் வாழும் சிஸ்டோசோமா புழு உள்ளவர்களுக்கு வீட்டுத்தூசிச் சிற்றுண்ணிக்கான தோல் ஒவ்வாமைச் சோதனை நேர்மறையாக வருவது குறைந்திருந்தது. தோலில் எதிர்வினை குறைவு என்பது வேறு, மூச்சுக்குழலில் நோய் இல்லை என்பது வேறு. நாட்டுப்புற ஆப்பிரிக்காவில் இவ்விரண்டும் பல இடங்களில் கைகோத்துச் செல்வதில்லை. புழுமருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

பதிவு 20 · வெண்காடன்

கடைசியாக ஒன்று. எண்ணப்பட்டவர்களில் எத்தனை பேருக்குத் தமக்கு ஆஸ்துமா என்று தெரியும்?

பதிவு 21 · சித்திரைநிலா

அதற்கு நல்ல விடை ஒன்று இருக்கிறது. அக்காசியா என்னும் ஆய்வு குமாசி, லாகோஸ், கம்பாலா, பிளான்டயர், ஹராரே, டர்பன் ஆகிய ஆறு நகரங்களில் 27,272 பள்ளி மாணவர்களைச் சந்தித்தது. 12 விழுக்காட்டினர் ஆஸ்துமா அறிகுறிகளைச் சொன்னார்கள். அவர்களுள் மருத்துவர் கண்டறிந்து சொன்னவர்கள் ஐந்தில் ஒரு பங்கினர் மட்டுமே. மீதி நான்கு பங்கினரும் எங்கள் சிஃபுவா வரிசையில் நிற்பவர்கள்தாம்.

மருந்து இல்லாததும் ஒரு காரணம். மூச்சுக்குழலை உடனே விரிக்கும் நீல நிறச் சல்பூட்டமால் இன்ஹேலர் கிடைத்தால் பெரிய பாக்கியம். நோயைக் கட்டுப்படுத்தும் ஸ்டீராய்டு இன்ஹேலர் பல நாள் இருப்பிலேயே இராது. நீலத்தை மட்டும் நம்பி வைத்தியம் செய்யக்கூடாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டி 2019இல் சொல்லிவிட்டது. மருந்தகத்து அலமாரிக்கு அது இன்னும் கேட்கவில்லை. இன்ஹேலர் இருந்தாலும் சிறு குழந்தைக்கு, மருந்தைத் தேக்கி மெல்ல உள்ளிழுக்க உதவும் ஸ்பேசர் என்னும் குடுவை வேண்டும். அதற்கு வழிகாட்டியதும் கேப் டவுன்தான். ஹெதர் ஸார் குழுவினர் 1999இல், அரை லிட்டர் குளிர்பான பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் அளவுக்குத் துளையிட்டு இடுக்கை ஒட்டி அடைத்தால், விலை கொடுத்து வாங்கும் ஸ்பேசருக்கு அது ஈடாக வேலை செய்கிறது என்று காட்டினார்கள். கம்பியை இன்ஹேலர் வாயின் வடிவுக்கு வளைத்துச் சூடாக்கி அழுத்தினால் துளை கச்சிதமாக விழும். நாங்கள் சனிக்கிழமைகளில் பத்து, பதினைந்து செய்து வைப்போம். காகிதக் கோப்பை, தெர்மகோல் கோப்பை எல்லாம் வேண்டாம். மருந்து நெஞ்சுக்குப் போய்ச் சேராது.

பதிவு 22 · வெண்காடன்

அனைவருக்கும் நன்றி. என் பக்கத்தைத் திருத்திவிட்டேன். ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் 'எப்படி அளந்தார்கள்', 'யாரை அளந்தார்கள்' என்று இரண்டு கட்டங்கள் சேர்த்திருக்கிறேன். குழந்தைகளின் ஆஸ்துமாவும் பெரியவர்களின் அடைப்பும் தனித்தனி அட்டவணைகள். இரண்டாவதில் காசநோய்க்கு ஒரு கட்டம் உண்டு. 0.14ஐ நீக்கவில்லை, ஓட்டச் சோதனை என்று பக்கத்தில் எழுதி, 8.9க்கு நேர் மேலே வைத்திருக்கிறேன்.

பதிவு 23 · மெரிபாங்க் பேரன்

ஐயா, புகைபோக்கியிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று மூன்றாவதாக ஒரு கட்டம் போடுவீர்களா?

பதிவு 24 · வெண்காடன்

போட்டுவிட்டேன், தம்பி. இப்போதைக்கு அதில் உங்கள் டர்பன் வரி மட்டும்தான் நிரம்பியிருக்கிறது. மற்ற வரிகளை எழுதியவர்கள் யாரும் அதை அளக்கவில்லை.